கருகாத காயின் கருகல் வாசம்

ஆனைக்கரைப் பக்கம் எங்கள் ஸ்டோரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அங்கே காய் கொடுத்தால் கருகாது என்பார்கள். அந்தப் பேச்சுக்குக் காரணம் என் மூக்கு. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த மூக்கு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வலிப்பு என்றால் நுரை தள்ளி விழுவது மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருக்கிற இன்னொருவராவது என்னைவிடச் சீக்கிரம் நல்ல டாக்டரிடம் போய்ச் சேரட்டும்.

ஸ்டோர் என்றால் கடை இல்லை. பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் அப்படித்தான் பெயர். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு பெரிய குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வரும். அறைக்குள் தட்டுத் தட்டாகக் காய். சூடு ஒரே சீராக ஓட வேண்டும். கூடினால் காய் கருகும். குறைந்தால் பச்சை நிறம் வெளுத்து, மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும். என் வீட்டுக்காரர் முருகேசன் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். நான் அறைக்கதவுப் பக்கம் உட்கார்ந்து உலர்ந்த காயைப் பொறுக்கிக்கொண்டே மூக்கால் காவல் காப்பேன். எங்களுக்கென்று இருக்கிற தோட்டம் சின்னது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூலி கொடுத்து உலர்த்திக்கொண்டு போகும் காயில்தான் குடும்பம் ஓடுகிறது.

சில வருஷங்களாக எனக்குத் திடீர் திடீரென்று காய் கருகும் வாசம் வந்துகொண்டிருந்தது. லேசாக இல்லை, தட்டோடு எரிகிற மாதிரி நெடி. கூடவே அடிவயிற்றிலிருந்து ஒரு பயம் கிளம்பி நெஞ்சுக்கு ஏறும். "கருகுது, கருகுது!" என்று கத்துவேன். அவர் ஓடிப்போய் விறகை வெளியே இழுத்துப் போடுவார், அறைக்கதவை அகலத் திறந்துவிடுவார். தட்டை உருவிப் பார்த்தால் காய் பச்சைப் பசேலென்று கிடக்கும்.

யாருக்குச் சந்தேகம் வரும்? காய் கருகவில்லையென்றால், கருகுவதற்கு முன்னால் நான் பிடித்துவிட்டேன் என்றுதானே அர்த்தம்! ஒவ்வொரு தடவையும் என் பெயர் கூடிக்கொண்டே போனது. பக்கத்துத் தோட்டத்துத் தங்கச்சன் சேட்டன் ஒருநாள் காய்ச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, "முருகேசா, இவளோட மூக்கு இன்ஷூர் செய்யணும் கேட்டோ" என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடிக்கடி வாசம் வருகிறதே, குழாயில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கும் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இந்த மேஸ்திரிக்கு வேலை தெரியாது என்று வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவரும் அதையே சொன்னார். கடைசியில் நல்ல குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் குழாய் மாட்டினோம். வாசம் மட்டும் போகவில்லை. பாதியில் கதவைத் திறந்து திறந்து காய் நிறம் மங்கியதுதான் மிச்சம்.

சில நேரம் கத்தி முடித்தபின் நான் அப்படியே நின்றுவிடுவேனாம். சேலைத் தலைப்பை விரலால் பிய்த்துக்கொண்டு, எதையோ மெல்லுகிற மாதிரி வாயை அசைத்துக்கொண்டு நிற்பேனாம். கூப்பிட்டால் பதில் இராதாம். "யோசனைக்காரி யோசிக்க ஆரம்பிச்சுட்டா" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எனக்கு எதுவும் நினைவிருக்காது. அடுப்பு வெக்கைதான் காரணம் என்று விட்டுவிட்டோம். வாசம் ஒரு விஷயம், இந்த மறதி வேறொரு விஷயம் என்றுதான் எங்கள் கணக்கு.

கம்பத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். கருகல் வாசம் வந்தது. பாயாசத்துக்குத் தட்டிப் போட்ட ஏலக்காயைக் கருக்கிவிட்டான் சமையல்காரன் என்று நினைத்ததுதான் எனக்குக் கடைசியாகத் தெரியும். எழுந்து நின்று "கதவைத் தெறங்க!" என்று அதட்டிவிட்டு, இலை மேலேயே விழுந்துவிட்டேன். கை கால் வெட்டி இழுத்தது. கண் விழித்தபோது என் கையில் யாருடைய சாவிக்கொத்தோ இருந்தது. நாக்கு கடிபட்டு ரத்தம். என்னைச் சுற்றி நின்றவர்கள் முகத்தில் இருந்த பரிதாபம்தான் வலியைவிட மோசமாக இருந்தது.

அங்கேயே ஒரு டாக்டர் வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். "வேற தொந்தரவு ஏதும் உண்டாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. காய் கருகுகிற வாசம் வருவது ஸ்டோர் விஷயம். மாடு பால் குறைத்தால் அதையா காய்ச்சலுக்குப் போன இடத்தில் சொல்வோம்?

மாத்திரை சாப்பிட்டும் இரண்டு தடவை விழுந்தேன். அதன்பின் என் வீட்டுக்காரர் என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை. பிறகு ஸ்டோருக்குள்ளேயே விடவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே தனியாகக் காயைப் பார்த்தார். அவர் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து மூக்குப்பொடி போடுகிற மனிதர். சாம்பிராணியும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். அந்த மூக்கை நம்பி எத்தனை நாள் அடுப்பு எரிக்க முடியும்? நான் மறுபடி ஸ்டோருக்குள் போய் உட்காருவேனா, இல்லை இப்படியே வீட்டோடு போய்விடுவேனா என்பதுதான் எனக்கு ராப்பகலாக ஒரே கவலை. விழுந்து சாவேனோ என்றுகூட அவ்வளவு பயப்படவில்லை.

எங்கள் மகள் கவிதா குமுளியில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற ரிசார்ட்டில் வேலை பார்க்கிறாள். அவள்தான் அங்கே இங்கே விசாரித்து எறணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கினாள். மலை இறங்கி, பஸ்ஸில் குலுங்கி, போய்ச் சேர்ந்து காத்திருந்தோம். அந்தக் கூடம் முழுக்க வலிப்புக்காரர்கள். கைக்குழந்தை முதல் நரைத்த தலை வரை. ஒருவரும் ஒருவரைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண் என்னிடம், உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்கிற மாதிரி, "சேச்சிக்கு எத்தர நாளாய்?" என்று கேட்டாள். எனக்கு அங்கேயே பாதி நோய் குறைந்துவிட்டது.

டாக்டர் ஒரு அம்மா. எங்கள் மலையாளத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "தமிழ்லயே சொல்லுங்கம்மா. நானு கொல்லங்கோடுங்க. எங்க ஊட்டுல தமிழ்தானுங்க பேசுவோம்" என்றார். அந்த 'ங்க'வைக் கேட்டு என் வீட்டுக்காரர் நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு டாக்டர் அவரிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசி அவர் பார்த்ததில்லை.

"விழுகறதுக்கு முன்னாடி ஏதாச்சும் தெரியுங்களா? வயித்துல ஒரு கலக்கம், ஒரு ருசி, ஒரு வாசம்?"

"வாசமா? காய் கருகுற வாசம் வரும் டாக்டர். அது எங்க ஸ்டோர்ல வர்றது. சூடு கூடிப்போச்சுன்னா வரும்."

"கல்யாண மண்டபத்துல விழுந்தேன்னு சொன்னீங்களே. அங்க வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. அது பாயாசத்துக்குப் போட்ட ஏலக்கா."

"ரெண்டாவது தடவ எங்க விழுந்தீங்க?"

"குளிக்கிற ரூம்புல."

"அங்கயும் ஏலக்கா இருந்துச்சுங்களா?"

அங்கேயும் வாசம் வந்தது. ஸ்டோரிலிருந்து காற்றில் வருகிறது என்று நினைத்திருந்தேன். ஆனால் ஸ்டோர் வீட்டுக்கு எதிர்ச்சரிவில் இருக்கிறது, அங்கிருந்து வாசம் எட்டாது. என் வீட்டுக்காரர் என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நாங்க கழட்டிப் போட்ட கொழாயி?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்தாரே தவிர எங்களைக் கேலி செய்யவில்லை. அந்த வாசமே வலிப்புதான், சின்ன வலிப்பு என்றார். அது அங்கேயே நின்றால் வாசத்தோடு போய்விடும். கொஞ்சம் பரவினால் நினைவு தப்பி, சேலையைப் பிய்த்துக்கொண்டு நிற்பேன். முழுக்கப் பரவினால் விழுவேன். மூன்று வேறு வேறு சங்கதி என்று நாங்கள் நினைத்திருந்தது ஒன்றேதான். இத்தனை வருஷமாக நான் பிடித்த கருகலில் ஒன்றுகூட நிஜமில்லை! எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய்க்காக அழவில்லை. மூக்கு போய்விட்டதே என்றுதான் அழுதேன்.

காந்த எந்திரத்துக்குள் படுக்கவைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். உள்ளே ஒரே இடிச் சத்தம். படத்தில் கட்டி இல்லை, தழும்பு இல்லை, சுத்தமாக இருந்தது. இது நல்லதா கெட்டதா என்று எங்களுக்குப் புரியவில்லை. அடுத்தது, வலிப்பு வரும்போதே அதைப் பிடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தலை முழுக்கப் பசை வைத்துக் கம்பி கம்பியாக ஒட்டினார்கள். மூளையில் ஓடுகிற மின்சாரத்தை அந்தக் கம்பிகள் கோடு கோடாக வரைந்து காட்டும். எதிர்ச்சுவரில் ஒரு காமிரா எந்நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டு, வலிப்பு வரட்டும் என்று எல்லாரும் காத்திருந்தோம்.

இந்தக் கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. வலிப்பு வரக்கூடாது என்று என் வீட்டுக்காரர் குலசாமிக்கு நேர்ந்திருந்தார். இப்போது சீக்கிரம் வரட்டும் என்று அதே சாமியிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தார். ஜின்ஸி என்ற நர்ஸ் காலையில் வந்ததும், விருந்தாளியைப் பற்றி விசாரிப்பதுபோல, "வந்நோ சேச்சி?" என்று கேட்பாள். "இல்ல" என்றால் அவளுக்கே ஏமாற்றமாக இருக்கும். என் வீட்டுக்காரர் கையில் ஒரு பட்டன் கொடுத்திருந்தார்கள். வாசம் வருகிறது என்று நான் சொன்ன உடனே அதை அமுக்க வேண்டும். அவருக்கு வேறு வேலையே இல்லை. அந்தப் பட்டனைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார்.

ஒரு நாள் காலை அப்பமும் கடலைக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசம் வந்தது. எறணாகுளத்தில், ஏ.சி. அறையில், அப்பத்தட்டுக்கு மேல், எங்கள் ஸ்டோரே தீப்பிடித்த வாசம். "ஏங்க, வருது" என்றேன். மீதியைப் பிறகு கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்கள்.

அதில் நான் வாயை மென்றுகொண்டு போர்வையைப் பிய்க்கிறேன். என் வீட்டுக்காரர் பதறி எழுகிறார். எழுந்து என்ன செய்கிறார்? பட்டனைப் படுக்கை மேல் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து ஸ்டோர் சாவிக்கொத்தை உருவி என் இடது கையில் திணிக்கிறார். வலிப்புக்காரர் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்காகவே அந்தக் கொத்தை மலையிலிருந்து கொண்டுவந்திருக்கிறார் மனிதர்! சாவி கீழே விழுகிறது. எடுத்து மறுபடி வைக்கிறார். மறுபடி விழுகிறது. வலது கையில் வைக்கிறார், அது பிடித்துக்கொள்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜின்ஸி ஓடி வருகிறாள். "பட்டன் அமர்த்து சேட்டா! தாக்கோல் வேண்டா, தாக்கோல் வேண்டா!" என்று கத்துகிறாள். சாவி வேண்டாம் என்கிறாள், அவரோ அது நழுவாமல் என் விரல்களைப் பொத்திப் பிடிக்கிறார்.

டாக்டர் வந்தபோது என் வீட்டுக்காரர் குற்றவாளி மாதிரி மூலையில் நின்றார்.

"இரும்பு குடுத்தா வலிப்பு நிக்காதுங்க. அது தானா நிக்கற நேரத்துல கையில சாவி இருக்கும், அவ்வளவுதானுங்க" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு. இடது கை வெறைச்சுப்போய் சாவிய விட்டுருச்சு, வலது கை புடிச்சுது. அத நாங்க நல்லாப் பாத்துட்டோம். மூளையோட வலது பக்கந்தான் இடது கையப் பாத்துக்குது. வலது பக்கம் ஆரம்பிக்குதுன்னு கோடும் சொல்லுது, உங்க சாவியும் சொல்லுது."

"பாத்தியா புள்ள, இரும்பு வேல செஞ்சிருச்சு" என்றார் என் வீட்டுக்காரர். அன்று முழுவதும் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதையும் டாக்டர் சொல்லிக்கொடுத்தார். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும். வாய்க்குள் எதையும் திணிக்கக் கூடாது, தண்ணீரும் கூடாது. இழுப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். என் வீட்டுக்காரர் என்னை வைத்தே ஒருக்களிக்கப் பழகினார். விலாவில் கூச்சம் தாங்காமல் நான் சிரித்தேன்.

படத்தில் ஒன்றுமே இல்லையே, பிறகு எப்படி நோய் என்று கேட்டேன். டாக்டர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

"உங்க மலையில மழைக்கு அடிக்கடி கரண்டு போகுமுங்களா?"

"போகாத நாளு ஏது?"

"ஊட்டுல பல்பு அணைஞ்சா, பல்புல கோளாறுன்னு கழட்டிப் பாப்பீங்களா? எங்கயோ ஒரு வளைவுல மரம் விழுந்து லைன் உரசியிருக்கும். அணையறது உங்க ஊடு, அடுத்த ஊடு, கோயிலு, எல்லாமே. மூளையும் அப்படித்தானுங்க. வாசத்துக்கு ஒரு எடம், பயத்துக்கு ஒரு எடம், ஞாபகத்துக்கு ஒரு எடம்னு இருந்தாலும், எல்லாம் லைன் போட்டுக் கோத்தது. ஒரு எடத்துல ஓட்டம் தாறுமாறாச்சுன்னா, கூடக் கோத்திருக்கற எடமெல்லாம் சேந்து ஆடும். உங்களுக்கு வாசத்துல ஆரம்பிச்சு, பக்கத்து லைன்ல பயத்துக்குப் போய், அப்பறம் நெனவுக்குப் போகுது. ஒரு எடத்துல கட்டின்னு இல்லீங்க, இது அந்தப் பின்னலோட சீக்கு."

பெரிய பெரிய வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஏறியிருக்காது. மழைக்காலத்தில் மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு இது நன்றாகப் புரிந்தது.

ஆனால் மரத்தை வெட்ட வேண்டியிருக்குமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. மண்டையைத் திறந்து அந்த இடத்தை எடுத்துவிடுகிற ஆபரேஷனும் உண்டு என்று கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசத்தைப் படிக்கிற இடத்தை எடுத்துவிட்டால் எனக்கு மிச்சம் என்ன? டாக்டர்கள் கூடிப் பேசுகிறார்கள் என்று சொல்லி எங்களை வெளியே உட்காரவைத்தார்கள். கவிதா லீவு போட்டு வந்திருந்தாள். தலையில் காய்ந்துபோயிருந்த பசையைத் தேங்காய் எண்ணெய் வைத்து ஊறவிட்டு, ஒரு முடிகூட அறுந்துவிடாமல் சீப்பால் எடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் அவள் தலையில் நான் பேன் பார்க்கும்போது கத்துவாள். நான் கத்தவில்லை. அந்தக் கை தலையில் இருக்கிற வரைக்கும் எனக்குப் பயம் தெரியவில்லை.

ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்று முடிவு சொன்னார்கள். பழைய மாத்திரை இந்த மாதிரி வலிப்புக்கு அவ்வளவாகக் கேட்காது, அளவும் குறைவு. வேறு மாத்திரை கொடுத்துப் பார்ப்போம். முக்கால்வாசிப் பேருக்கு அடங்கும் என்றெல்லாம் கணக்குச் சொல்ல மாட்டேன், உங்களுக்கு அடங்குகிறதா என்று பார்ப்போம் என்றார் டாக்டர். அடங்கி நிலைக்கிற வரைக்கும் அடுப்புப் பக்கம் தனியாகப் போகக் கூடாது.

நான் கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "இனிமே எனக்கு வாசம் வந்தா, அது நெசமா பொய்யான்னு எப்பிடி டாக்டர் தெரிஞ்சுக்கிறது?"

"உங்க மூக்குல ஒரு கோளாறும் இல்லீங்கம்மா. சந்தேகமா இருந்தாப் பக்கத்துல இருக்கறவங்களக் கேளுங்க. அவங்களுக்கும் வந்தா நெசம்."

நான் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் மடியில் பொடி டப்பா துருத்திக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இந்த மூக்கா எனக்குச் சாட்சி சொல்லப்போகிறது!

ஊர் திரும்புகிற பஸ் மலையேறத் தொடங்கியபோது அவர் ஜன்னல் கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டினார். வாந்தி வருகிறதோ என்று பார்த்தேன். டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே திரும்பி உட்கார்ந்துகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், டப்பாவை ஒளித்தும் பார்த்தேன். எதற்கும் மசியாதவர் அவர்.

புது மாத்திரைக்கு முதலில் தலை சுற்றியது, தூக்கமாக வந்தது, பிறகு பழகிவிட்டது. விழுவது நின்றது. நின்ற இடத்தில் நினைவு தப்புவதும் நின்றது. வாசம் எப்போதாவது லேசாக எட்டிப் பார்த்தது, பிறகு அதுவும் காணவில்லை. பொடியை விட்ட அவர்தான் பாவம். தும்மித் தும்மி, எரிந்து விழுந்து, வாய்க்குக் கிராம்பு மென்று நாளை ஓட்டினார். மெல்ல மெல்ல அவருக்கு மூக்கு திறந்தது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், "இந்த ரசத்துல எப்பவுமே பெருங்காயம் போடுவியா?" என்று கேட்டார். அத்தனை வருஷமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த காய் எடுப்பின்போது, துணையோடு நான் ஸ்டோருக்குள் போகலாம் என்றார் டாக்டர். பழைய இடத்தில் கதவுப் பக்கம் உட்கார்ந்தேன். உள்ளே இருந்தது தங்கச்சன் சேட்டனின் காய். மத்தியானம். என் வீட்டுக்காரர் அடுப்பில் விறகு திணித்துவிட்டு, எனக்குக் கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்திருப்பேன். வாசம் வந்தது.

இவ்வளவு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடியும் வந்துவிட்டதே என்று நினைத்தேன். முன்பு மாதிரி நான் கத்தவில்லை. கிளாஸைத் தள்ளி வைத்தேன். "ஏங்க, எனக்கு வருது" என்று சொல்லிவிட்டுச் சாக்கின் மேல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டேன். அவர் துண்டைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்தார். சாவிக்கொத்தைத் தொடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாசம் கூடிக்கொண்டே போனது. நினைவு தப்பவில்லை. வயிற்றிலிருந்து ஏறுகிற அந்தப் பயமும் இல்லை. கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். மூக்கைச் சுளித்தார். இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை, அந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"ராணி."

"என்ன?"

"எனக்கும் வருது புள்ள."

"என்ன வருது?"

"கருகுற வாசம். எனக்கும் வருது!"

இரண்டு பேரும் உடனே எழுந்திருக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். அதற்குள் தன் காயைப் பார்க்க வந்த தங்கச்சன் சேட்டன் வெளியே புகையைக் கண்டு, "முருகேசா, புக! புக!" என்று கூப்பாடு போட்டுக்கொண்டு ஓடி வந்தார். விழுந்தடித்துப் போய்க் கதவைத் திறந்து தட்டை உருவினோம். அடித்தட்டுக் காய் அத்தனையும் கறுத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஒரு காயை எடுத்து நசுக்கி முகர்ந்தார். பிறகு என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"கருகிருச்சு ராணி. நல்லாக் கருகிருச்சு!"

எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. தங்கச்சன் சேட்டன் தலையில் கை வைத்துக்கொண்டு, "என்றெ காய் கருகிப்போயி, நிங்ஙள் சிரிக்குந்நோ?" என்று கேட்டார். கருகிய காய்க்கு ஈடாக எங்கள் காயைக் கொடுத்தோம். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னபின் அவரும் சிரித்தார்.

எங்கள் ஸ்டோரில் காய் கருகாது என்று ஆனைக்கரைப் பக்கம் இப்போது யாரும் சொல்வதில்லை. நான் தினமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.